மூன்று மணி பஸ்

ஜமுனாமரத்தூர்,
12.7.1978

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

இங்கே நான் சுகம். உன் சுகத்தை ஜெபத்தில் கேட்கிறேன், கடிதத்திலும் கேட்கிறேன். ஏதாவது ஒன்றுக்குப் பதில் வரட்டும்.

ஒரு சேதி. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. போஸ்ட்மாஸ்டர் கோபால்சாமிக்கு மட்டும் பாதி தெரியும். நேற்று உறையைக் கையில் கொடுக்கும்போதே, “இன்னா வாத்தியாரே, இந்தத் தபா மெல்லிசா கீதே?” என்றார். என் கதைகள் திரும்பி வரும்போது தடித்த உறையில் வரும் என்பது மூன்று வருடத்தில் அவருக்கும் பழகிப்போயிற்று. இது ஒற்றைத் தாள். அங்கேயே நின்று பிரித்தேன். சென்னைப் பதிப்பகத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். டிசம்பரில் நான் அனுப்பிய நாவலைப் படித்தார்களாம். “துக்கப்படும் விசுவாசிகளுக்கு ஆறுதல் தரக்கூடிய நூல். சில திருத்தங்களுக்குப் பின் வெளியிட யோசிக்கலாம்.” இதுதான் அந்த வரி. எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே.

நான் நாவல் எழுதியதே உனக்குத் தெரியாது. நீ வேலூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. முதல் மாதமே ஆரம்பித்துவிட்டேன். விடிந்ததும் எழுதுவேன், பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை. மலைக்கிராமத்தில் ஒரு வாத்தியார், அவர் மனைவி, அவர்கள் பறிகொடுத்த பிள்ளை. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

சந்தோஷமாக இருக்கிறது. கூடவே பயமாகவும் இருக்கிறது. என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஜெபத்துக்கு நடுவில்கூட வந்து நிற்கிறது. கண்ணை மூடினால் புத்தக அட்டை தெரிகிறது. தேவன் கொடுத்த வேலையா, என் பெருமையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உன்னிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாய்.

முனியன் போன சந்தையில் உன்னை விசாரித்தான். சாமை விதைத்துவிட்டானாம்.

உன்,
ஆசீர்நாதன்


வேலூர்,
24.7.1978

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. குழந்தைகள் வார்டில் போட்டிருக்கிறார்கள், வேலை சரியாக இருக்கிறது.

உங்கள் எழுத்துக்கு மரியாதை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. நான் பெற்றது ஒரே ஒரு பிள்ளை. லீதியாள். நான்கு வயது. அவளைப் பற்றி நீங்கள் எழுதிய கதையை முன்பின் தெரியாதவர்கள் சென்னையில் மேஜை போட்டு உட்கார்ந்து படித்துவிட்டார்கள். அவர்களுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லையா?

பெருமையா, தேவனுடைய வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்காமல் எப்படிச் சொல்வது. பிரதி இருந்தால் அனுப்புங்கள்.

சுகிர்தம்


ஜமுனாமரத்தூர்,
5.8.1978

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தைரியமில்லை. ‘வேண்டாம்’ என்று ஒரு கார்டு வந்திருந்தால் அடுத்த வரி எழுதியிருக்கமாட்டேன். அதற்குப் பயந்துதான் சொல்லாமல் எழுதினேன். மன்னித்துக்கொள்.

கார்பன் வைத்து எழுதிய பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். சில பக்கங்களில் எழுத்து மங்கியிருக்கும். உனக்கு என் கையெழுத்து பழக்கம்தானே.

பதிப்பகத்தார் கேட்கும் திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினோராம் அத்தியாயத்தில் அந்தத் தாய், பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்ததும், “இனிமேல் எனக்காக யாரும் ஜெபிக்க வேண்டாம்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அது வாசகர் மனத்தைப் புண்படுத்தும் என்கிறார்கள். அவள் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொல்லி எழுந்திருப்பதாக மாற்ற வேண்டுமாம். அதை மாற்றினால் புத்தகம் வரும். வராமல் இருப்பதைவிட ஒரு பக்கம் மாறி வருவது நல்லது என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் அதை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. முழங்கால் போட்ட அந்தப் பெண்பிள்ளை யாரென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நீ படித்துவிட்டுச் சொல். மாற்றாதே என்றால் மாற்றமாட்டேன்.

உன்,
ஆசீர்நாதன்


வேலூர்,
2.9.1978

படித்தேன். கூட இருக்கும் நர்ஸ் காந்தா ஊருக்குப் போயிருந்தாள். அறையில் நான் மட்டும்தான். முழுக்கப் படித்தேன்.

பதினோராம் அத்தியாயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் அத்தியாயத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுகிறது, வாத்தியாரும் மனைவியும் கீழே கொண்டுபோகத் துடிக்கிறார்கள், பேய்மழை பிடித்து மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் வராமல் போகிறது. படிக்கிறவர்கள் எல்லாரும் மழையைத் திட்டுவார்கள்.

மழை சனிக்கிழமை ராத்திரிதான் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் வெயில் காய்ந்தது. லீதி கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுதாள். நான் நர்ஸ், அது மூளைக்காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். அப்போது நாம் பேசியதை நான் மறக்கவில்லை. நீங்கள் மறந்திருந்தால் எழுதிவைக்கிறேன்.

“மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பலாங்க. போளூர் போய்ட்டு அப்டியே வேலூர் போய்டலாம்” என்றேன்.

“ஜெபம் பண்ணியிருக்கேன் சுகிர்தம். நாளைக்குப் போதகர் வரல, ஆராதனை என் பொறுப்பு. அது முடிஞ்சதும் போலாம்” என்றீர்கள்.

“அது வரிக்கும் தாங்குமாங்க?”

“விசுவாசமா இரு.”

மூன்று மணிக்கு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டது. நம் வீட்டு வாசலில் நின்றால் தெரியும். நான் நின்று பார்த்தேன். பாதி காலியாகப் போனது.

உங்கள் நாவலில் அந்த பஸ் இல்லை.

சுகிர்தம்


ஜமுனாமரத்தூர்,
20.10.1978

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுதிக் கிழித்தவை நிறைய.

முதல் இரண்டு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். நாவல் என்பது நாவல்தானே, நடந்ததை அப்படியே எழுத இது என்ன வாக்குமூலமா என்று எனக்குள்ளேயே வாதாடினேன். அப்புறம் வாதாட ஆள் இல்லாமல் போயிற்று. ஏழாம் அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். மழையை நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். நாவலிலேயே அதுதான் நல்ல பக்கம். அதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

உனக்கும் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் விசுவாசத்தோடு காத்திருந்தேன் என்று இரண்டு வருடமாக எனக்கே சொல்லிவந்தேன். உண்மை வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வியாழனிலிருந்து எழுதி வைத்திருந்தேன். எட்டுப் பக்கம். போளூரிலிருந்து இரண்டு சபை மூப்பர்கள் வருவதாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர். என் தமிழை அவர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சனிக்கிழமை மத்தியானம் நீ கிளம்பலாம் என்று சொன்னபோது என் மனத்தில் அந்த எட்டுப் பக்கம்தான் இருந்தது. ஜெபத்தை அதன்மேல் போர்த்தி மூடினேன்.

பெருமையா, தேவனுடைய வேலையா என்று ஜூலையில் உன்னைக் கேட்டேன். என்ன துணிச்சல் எனக்கு!

இந்த மாதம் முழுக்க உட்கார்ந்து ஏழாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். மழை இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. பஸ் வந்துவிட்டது, எட்டுப் பக்கமும் வந்துவிட்டது. பதினோராம் அத்தியாயத்தில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. பதிப்பகத்துக்கு அனுப்பியாயிற்று. இதை அவர்கள் போடமாட்டார்கள். சபையிலும் என்னைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும்.

இந்த மழையில் மலைக்குத் தபால் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியவில்லை. அதனால் பதிலை உன் விலாசத்துக்கு அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். வந்தால் நீயே பிரித்துப் பார். புது அத்தியாயத்தின் பிரதி இதனுடன் இருக்கிறது.

ஆசீர்நாதன்


வேலூர்,
30.11.1978

லீதி அப்பாவுக்கு,

பதில் வந்துவிட்டது. தடித்த உறை. பிரித்துப் படித்தேன். நல்ல மாதிரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மொழி அழகாக இருக்கிறதாம், ஆனால் ஊழியக்காரர் ஒருவரை இப்படிக் காட்டுவது வாசகர்களைப் புண்படுத்தும், ஆகவே வருத்தத்துடன் திருப்பி அனுப்புகிறார்களாம்.

நானும் ஒரு வாசகிதானே. நான் புண்பட்டேன். ஆனாலும் கடைசிவரை படித்தேன், இரண்டு தடவை.

நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். எனக்குத் தெரியும். மறுநாள் பஸ் இல்லாமல் நடந்தே மலை இறங்கி முடித்தபோது உங்கள் சட்டைப்பையில் அந்தத் தாள்கள் நனைந்து கூழாகி ஒட்டிக்கொண்டிருந்தன. சட்டையைத் துவைத்தவள் நான். நீங்கள் வாய் திறந்து சொல்வீர்கள் என்று ஏழு மாதம் அந்த வீட்டில் காத்திருந்தேன். சொல்லவில்லை. அப்புறம்தான் மாற்றல் கேட்டேன்.

இப்போது என் பங்கு. புது அத்தியாயத்தில் அந்தத் தாயை ரொம்ப நல்லவளாக வைத்திருக்கிறீர்கள். அவள் சொன்னாள், கணவன் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டீர்கள். அவளுக்குக் கால் இல்லையா? பை கட்டி வைத்திருந்தேன். பஸ் நிற்கும் இடம் கூப்பிடு தூரம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஏறிப் போயிருக்கலாம். புருஷன் பேச்சை மீறிப் போனாள் என்று நாலு பேர் சொல்வார்களே என்று நின்றேன். ஒரு நர்ஸ் அப்படி நின்றாள். உங்களை மட்டும் குற்றவாளியாக வைத்திருந்தது எனக்கும் சௌகரியமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முந்தாநாள் காந்தாவிடம் சொன்னேன். எனக்குப் பிள்ளை இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

காந்தா ஒரு மாதப் பத்திரிகை வாங்குகிறாள். கதைகளைப் பார்த்துப் பார்த்துப் போடுகிற பத்திரிகை. ஏழாம் அத்தியாயத்தை மட்டும் ஒரு சிறுகதையாக அனுப்பலாம் என்கிறாள். நான் நகல் எடுத்து அனுப்பட்டுமா? நீங்கள் சரி என்றால், நான் மேலே சொன்னதையும் அதில் சேர்க்க வேண்டும்.

உங்களுக்கு இருமல் இருந்ததே. வெந்நீர் குடிக்கிறீர்களா?

சுகிர்தம்


ஜமுனாமரத்தூர்,
10.12.1978

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.

அனுப்பு. ஆனால் நீ சேர்க்கச் சொன்ன இடத்தை என்னால் எழுத முடியாது. முயன்றேன். நான் எழுதினால் உன்னை மன்னிக்கிற மாதிரி வந்துவிடுகிறது. உன்னை மன்னிக்க நான் யார்? “அவளுக்குக் கால் இல்லையா” என்பதிலிருந்து “ஒரு நர்ஸ் அப்படி நின்றாள்” என்பதுவரை நீ எழுதியபடியே சேர்த்துவிடு. ‘நான்’ என்று வரும் இடத்தில் மட்டும் ‘அவள்’ என்று போடு. கதையில் அந்த இடத்தில் மட்டும் வேறு யாரோ தமிழ் நன்றாக எழுதுகிறார்கள் என்று தோன்றினால் தோன்றட்டும்.

பதிப்பகம் திருப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுநாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது சரியாகிவிட்டது.

வெந்நீர் குடிக்கிறேன்.

உன்,
ஆசீர்நாதன்


வேலூர்,
3.2.1979

லீதி அப்பாவுக்கு,

வந்துவிட்டது! நாற்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து ஐந்து பக்கம். படம்கூட வரைந்திருக்கிறார்கள். படம் போட்டவர் மலையைப் போளூர்க் குன்று மாதிரி வரைந்திருக்கிறார், பாவம், நம் மலையைப் பார்த்திருக்கமாட்டார். தலைப்பு ‘மூன்று மணி பஸ்’ என்றே இருக்கிறது.

ஒரு விஷயம். கோபப்படக்கூடாது. உங்கள் பெயரை ‘ஆசீர்வாதம்’ என்று போட்டுவிட்டார்கள். நான்தான் நகல் எடுத்தேன், நான் சரியாகத்தான் எழுதினேன். காந்தா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். எனக்கு முதலில் பதறியது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். இரண்டு வருடத்தில் இப்படிச் சிரித்ததில்லை. மூன்று வருடம் ஆசைப்பட்டீர்களே, உங்கள் முகத்தை நினைத்துத்தான் சிரிப்பு.

வார்டில் இருக்கும் கண்ணமங்கலத்து அம்மாக்கண்ணு, அவள் பிள்ளைக்கு நிமோனியா, என் கையில் புத்தகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். “அந்த அம்மா ஏம்மா அப்டியே நின்னுனு இருந்தாங்க?” என்று கேட்டாள். “தெரிலயே” என்றேன். பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். அப்புறம், “நானும் ரெண்டு நாள் நின்னுட்டுதாம்மா இட்டாந்தேன்” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பிள்ளை தேறி வருகிறது.

பிரதி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

சுகிர்தம்


ஜமுனாமரத்தூர்,
18.2.1979

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

ஆசீர்வாதம் எழுதுகிறேன். பத்திரிகை கிடைத்தது. கோபால்சாமி ஒரு வாரமாக என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார். முதலில் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

சபையில் இரண்டு வீட்டார் என்னோடு பேசுவதில்லை. ஞாயிறு ஆராதனையைக் கொஞ்ச நாள் வேறு ஆள் நடத்தட்டும் என்று போதகர் சொன்னார். அவர் சொன்னது நியாயம். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளாமல் ஜெபம் செய்வது எனக்குப் பழக்கமில்லை, இப்போதுதான் பழகுகிறேன்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நேற்றுச் சந்தை. முனியன் புளி விற்றுவிட்டு நம் வீட்டுப் பக்கம் வந்தான். அவன் அந்தக் கதையில் இருக்கிறான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கியவன் அவன்தானே. அவனைக் கேட்காமல் இதையும் எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். சரிந்த மண்ணைத் தாண்டி நாம் மூன்று பேரும் நடந்தது, ஓடையில் நீ வழுக்கி முழங்காலில் அடிபட்டது, நான் உன்னைத் தாங்கிப் பிடித்தபடி, “நீ போ முனியா, நிக்காத” என்று அவனை முன்னால் அனுப்பியது, கீழ் வளைவில் நாம் போய்ச் சேர்ந்தபோது அவன் பிள்ளையை மடியில் போட்டுத் துண்டால் மூடி உட்கார்ந்திருந்தது, எல்லாம் படித்தேன்.

கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். “எல்லாம் சரியாத்தான் எய்திக்கீறே சார். நடுவுல ஒண்ணு வுட்டுட்டே” என்றான்.

“இன்னா முனியா?”

“நீ பாக்கல. உனுக்கு எப்டித் தெரியும்.”

அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே எழுதுகிறேன். திருத்த மனமில்லை.

“பாப்பா என் தோள்ல சாஞ்சிகினு பின்பக்கம் பாத்தமாரியே வந்துச்சி சார். என் காதைக் கெட்டியா புட்சிகினு இருந்துச்சி. ‘வலிக்குதா மாமா’ன்னு கேட்டுச்சி. ‘இல்ல கண்ணு, நல்லா புட்சிக்கோ’ன்னேன். ‘அம்மா எங்க?’ன்னுச்சி. ‘பின்னாலயே வர்றாங்க பாரு’ன்னு கொஞ்சம் நின்னேன். மேல் வளைவுல நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சீங்க. நீ அம்மாவைக் கைத்தாங்கலா இட்டுனு வந்துனு இருந்தே. பாப்பா பாத்துச்சி. ‘அம்மா கையை அப்பா புட்சினு வர்றாரு’ன்னு சொல்லிச்சி. அவ்ளோதான் சார். அப்புறம் காதை வுட்டுடுச்சி.”

“இத்தனை நாளா ஏன் முனியா சொல்லல?” என்றேன்.

“யாரும் கேக்கலியே சார். அம்மா ஊரை வுட்டே போய்ட்டாங்க. உன் மூஞ்சியப் பாத்து எப்டிச் சொல்றது.”

சுகிர்தம், இதை நான் கதையில் எழுதமாட்டேன். எந்தப் பதிப்பகம் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவள் கடைசியாகப் பார்த்தது நம் இரண்டு பேரையும்தான்.

உன்,
ஆசீர்நாதன்


வேலூர்,
23.2.1979

லீதி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டு வாசலில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் எங்கே போவதென்று தெரியாமல் மேட்ரனிடம் போய் நின்றேன். “இன்னாம்மா?” என்றார்கள். லீவு வேண்டும் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை வந்துவிடுவேன். முனியனை அன்றைக்குக் காட்டுக்குப் போகாமல் இருக்கச் சொல்லுங்கள். அவர் சொன்னதை நீங்கள் ஓர் எழுத்து மாற்றாமல்தான் எழுதியிருப்பீர்கள், நம்புகிறேன். ஆனாலும் நான் அதை அவர் வாயால் கேட்க வேண்டும்.

கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

சுகிர்தம்